ரிடோ ஆற்றில் ஐஸ் உடைக்கும் காலம்

வியாழன் இரவு

கனடாவின் தலைநகரமான ஒட்டாவாவின் நடுவே ரிடோ என்றொரு ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அது உறைந்து, மேலே பனி மூடி, கரை எது ஆறு எது என்று தெரியாமல் கிடக்கும். வசந்தம் வந்து தானாக உருகட்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் விட்டுவிடுவதில்லை. பிப்ரவரியிலேயே ஆற்றில் இறங்கி, ஐஸை வாள் போட்டு அறுத்து, துளையிட்டு, வெடி வைத்துத் தகர்த்து அனுப்பிவிடுகிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் வேலை. நகராட்சியும், ரிடோ பள்ளத்தாக்கின் நீர்வளத்தைப் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து செய்கின்றன.

டொராண்டோவில் குடியேறிப் பல வருஷமாகியும் இதை நேரில் பார்த்ததில்லை. செய்தியில் இரண்டு வரி வரும்: ஐஸ் உடைப்புப் பணி தொடங்கியது, ஆற்றுப் பக்கம் போகாதீர்கள். அத்தோடு முடிந்தது. ஒரு நகரம் தன் ஆற்றைத் தானே உடைக்கிறது என்றால் அதில் இரண்டு வரிக்கு மேல் இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இந்த வருஷம் விடுமுறை சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன்.

தங்கியிருப்பது தோழியின் அண்ணன் வீட்டில். வேனியர் என்ற பகுதி, ஆற்றின் கிழக்குக் கரை. வந்து இறங்கியதும் அண்ணி கொள்ளு ரசம் ஊற்றிக் கொடுத்தார். “நாளைக்கு மைனஸ் பதினாலு கண்ணு, உள்ளுக்கு ரெண்டு அடுக்குப் போட்டுட்டுப் போ” என்றார்.

தூங்கப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஒட்டாவா, பிப்ரவரி, ஐஸ் என்றதும் எல்லோருக்கும் ரிடோ கால்வாய்தான் நினைவுக்கு வரும். 7.8 கிலோமீட்டர் நீள ஸ்கேட்டிங் தளம், கையில் சூடான சாக்லேட்டோடு படம். அது கால்வாய். கர்னல் ஜான் பை 1826இல் தொடங்கி 1832இல் முடித்தது. பெரும்பகுதி ரிடோ ஆற்றோடு கூடவே வந்து, நகரத்தை நெருங்கும்போது ஹாக்ஸ் பேக் என்ற இடத்தில் ஆற்றை விட்டுப் பிரிந்து நாடாளுமன்றப் பக்கம் போய்விடும். இலையுதிர் காலத்திலேயே அதில் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். மிச்சம் நிற்கும் தண்ணீர்தான் ஸ்கேட்டிங் தளமாகிறது. நான் பார்க்க வந்திருப்பது அங்கே பிரிந்த பிறகு தனியாக ஓடும் ஆற்றை. நிற்கிற தண்ணீரின் ஐஸைக் காப்பாற்ற இந்த நகரம் படாதபாடு படுகிறது, ஓடுகிற தண்ணீரின் ஐஸை உடைக்க இன்னொரு பாடு. இரண்டும் ஒரே மாதத்தில்.

வெள்ளி

ரிடோ ஆறு முடியும் இடத்திலிருந்து ஆரம்பித்தேன். அதுதான் வேலையும் ஆரம்பிக்கும் இடம்.

சசெக்ஸ் டிரைவ் என்ற சாலை. பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம், பிரெஞ்சுத் தூதரகம் எல்லாம் இருக்கும் சாலை. அதன் பாலங்களை நெருங்கும் முன்பே ரிடோ ஆறு இரண்டாகப் பிரிகிறது. நடுவில் பச்சைத் தீவு. இரண்டு கிளையும் சுண்ணாம்புப் பாறை விளிம்பிலிருந்து சுமார் 11 மீட்டர் கீழே, பெரிய ஒட்டாவா நதிக்குள் விழுகின்றன. 1613இல் இந்த வழியே படகில் போன பிரெஞ்சு மாலுமி சாம்ப்ளேன் இந்த அருவியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். விழும் தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவே பழங்குடி மக்கள் நனையாமல் நடந்து போவார்களாம். இன்று அந்த இடைவெளி தெரியவில்லை. தெறித்த சாரலெல்லாம் உறைந்து, அடியிலிருந்து அடுக்கடுக்காக வெள்ளை மேடு எழுந்திருக்கிறது. நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

இந்த அருவிதான் முழு விஷயத்துக்கும் சாவி. ஏன் என்று சொல்வதற்கு முன், ஆற்று ஐஸ் எப்படி வெள்ளம் உண்டாக்குகிறது என்று சொல்லிவிட வேண்டும். வெள்ளம் என்றால் நமக்கெல்லாம் மழை. மேகம் கொட்டும், ஆறு நிரம்பும், கரை தாண்டும். இங்கே மழையே இல்லாமல், ஆற்றில் அப்படியொன்றும் பெரிய வரத்து இல்லாமல்கூட வெள்ளம் வரும்.

மார்ச் கடைசியில் வெயில் ஏறுகிறது. மேற்பகுதிக் காடுகளிலும் வயல்களிலும் மாதக்கணக்கில் கிடந்த பனி உருகி ஆற்றுக்குள் இறங்குகிறது. தண்ணீர் மட்டம் உயர உயர, மேலே மூடியிருக்கும் ஐஸ் தளத்தைத் தூக்குகிறது. தளம் கரையிலிருந்து விடுபட்டு, பிளந்து, பாளம் பாளமாக நகரத் தொடங்குகிறது. ஒவ்வொரு பாளத்திலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள்தான் இருக்கும். நகர்ந்து வரும் பாளங்கள் ஒரு வளைவிலோ, பாலத் தூணிலோ, இன்னும் உடையாத ஐஸிலோ முட்டி நிற்கின்றன. பின்னால் வருபவை அடியில் நுழைகின்றன, மேலே ஏறுகின்றன, செங்குத்தாக நிமிர்கின்றன. சில மணி நேரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே யாரும் கட்டாத ஒரு அணை எழுந்துவிடும். ஆறு வந்துகொண்டேதான் இருக்கிறது. போக வழியில்லை. கரை ஏறுகிறது, தெருவுக்கு வருகிறது, நிலவறைகளுக்குள் இறங்குகிறது. கூடவே ஐஸும் வருகிறது. அந்த அணை திடீரென்று உடைந்தாலோ, தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் கீழே இருப்பவர்கள் மேல் பாயும்.

எந்த நாளில், எந்த வளைவில் முட்டும் என்று முன்கூட்டிச் சொல்வது மிகவும் கடினம். மழை வெள்ளத்துக்கு அளவுமானி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. இதற்கு அந்த அளவுக்குத் துல்லியமான கணக்கு கிடையாது. அதனால்தான் காத்திருக்காமல் முந்திக்கொள்கிறார்கள்.

இப்போது அருவிக்கு வருவோம். உடைப்பதை மேலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? உடைந்த பாளமெல்லாம் மிதந்து வந்து, கீழே உடையாமல் இருக்கும் ஐஸில் முட்டும். எதைத் தடுக்க நினைத்தோமோ அதை நாமே செய்துவிட்டோம் என்றாகிவிடும். எனவே ஆறு முடியும் வாயிலிருந்து, அருவியின் உதட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முதலில் விழுவதற்கு இடம். அப்புறம் அதற்கு மேலே ஒரு துண்டு. அது போனதும் அதற்கும் மேலே ஒரு துண்டு. ஆறு கீழே ஓடிக்கொண்டிருக்க, வேலை மேலே ஏறிக்கொண்டே போகிறது. 11 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பாளம் நொறுங்கி ஒட்டாவா நதியோடு போய்விடும். திரும்பி வந்து அடைக்க வழியே இல்லை. இப்படியொரு அருவி ஆற்றின் வாயில் அமைந்தது ஊரின் அதிர்ஷ்டம். அதைச் சரியாகப் புரிந்துகொண்டு வேலையை அமைத்தவர்களுக்கு என் மரியாதை.

மதியம் நியூ எடின்பரோ தெருக்களில் சுற்றினேன். கால்வாயின் மதகுகளைக் கட்டிய கொத்தனார் தாமஸ் மெக்கே, அந்தப் பணத்தில் அருவியோரம் நிலம் வாங்கி, அருவியின் விசையில் ஆலைகள் ஓட்டி, தொழிலாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை இது. அவர் 1838இல் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடுதான் ரிடோ ஹால், இன்றைய கவர்னர் ஜெனரல் மாளிகை. அதன் வாசலில் நிற்கும்போது ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு (நம் ஊர் வழக்கில் வெலிங்டன்), 1926 முதல் 1931 வரை இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்தார். திட்டக்குடி பக்கத்து வெலிங்டன் ஏரி அவர் பெயர்தான். நம் ஊரில் ஏரி நிரம்பவில்லையே என்ற கவலைகளைக் கேட்டவர், இங்கே வாசலுக்குப் பக்கத்தில் ஐஸ் உடைக்கும் சத்தத்தையும் கேட்டிருப்பார்.

சனி

இன்று வெடி.

சசெக்ஸ் டிரைவுக்கு மேலே இருக்கும் பகுதியில் நேற்றே முன்வேலை முடிந்திருந்தது. முன்வேலை என்றால் அறுப்பது. பெரிய வட்ட வாள் பொருத்திய இயந்திரம் ஐஸ் மேல் ஊர்ந்து, நீளவாக்கில் கோடு கோடாக அறுத்துக்கொண்டே போகும். அறுத்த கோட்டில் தண்ணீர் ஊறி மேலே கறுப்பாகத் தெரியும். கரையை இறுகப் பிடித்திருக்கும் ஐஸை அந்தப் பிடியிலிருந்து விடுவிப்பதுதான் நோக்கம். பிடி விட்டால்தான் உடைந்தது நகரும்.

கரையோரப் பாதையை அடைத்திருந்தார்கள். தூரத்தில் ஒரு வேலிக்குப் பின்னால் நானும், நாயோடு வந்த ஒரு பாட்டியும், பள்ளி வயதுப் பையன்கள் சிலரும். நடு ஆற்றில் ஆரஞ்சு அங்கி, மிதவைச் சட்டை, இடுப்பில் கயிறு கட்டிய ஆட்கள். ஒருவர் எந்திரத் துளைப்பான் வைத்து ஐஸில் ஓட்டை போடுகிறார். இன்னொருவர் வெடியை அந்த ஓட்டை வழியாக இறக்குகிறார். ஐஸுக்குள் வைப்பதில்லை, ஐஸுக்கு அடியில், தண்ணீருக்குள். அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரை எளிதில் அமுக்க முடியாது. வெடித்த அழுத்தம் அப்படியே ஐஸின் அடிவயிற்றுக்குப் போகும். கூடவே உண்டாகும் வாயுக் குமிழி தளத்தைக் கீழிருந்து மேலே தூக்கும். ஐஸ் அமுக்கினால் எவ்வளவோ தாங்கும், ஆனால் வளைத்தால் முறிந்துவிடும். அதன் பலவீனம் எங்கே என்று தெரிந்து அங்கே அடிக்கிறார்கள்.

எங்கள் கோபி பக்கம் கிணறு வெட்டும்போது தமர் போட்டுத் தோட்டா வைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். திரியைப் பற்ற வைத்துவிட்டு, “வெடி, வெடி” என்று கத்திக்கொண்டு ஆட்கள் வரப்பில் ஓடி வருவார்கள். பெரியவர்கள் எங்களை மாட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். இங்கேயும் அதே ஒழுங்கு. ஆட்கள் வரிசையாக ஐஸை விட்டு வெளியேறினார்கள். ஒருவர் தலைகளை எண்ணினார். எச்சரிக்கைச் சத்தம் கேட்டது. பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

சத்தம் காதுக்கு வருவதற்கு முன் காலுக்கு வந்துவிட்டது. தரை ஒரு முறை அதிர்ந்தது. வரிசையாகத் தண்ணீரும் சேறும் ஐஸ் தூளும் கலந்து சாம்பல் நிறத்தில் எழுந்தன, ஒன்றன் பின் ஒன்றாக, அருவிப் பக்கத்திலிருந்து எங்கள் பக்கமாக. எழுந்தது விழுந்து முடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. வெள்ளையாக, ஒரே தளமாக இருந்த இடம் முழுக்கப் பாளங்கள். ஒன்றிரண்டு சாய்ந்து நிமிர்ந்து, தங்கள் தடிமனைக் காட்டின. அடிப்பகுதி பச்சை கலந்த நீலம், மேற்பகுதி பால் வெள்ளை. நீலமாக இருப்பது தண்ணீரே உறைந்த கெட்டி ஐஸ், வெள்ளையாக இருப்பது மேலே விழுந்த பனி நனைந்து உறைந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நகரவில்லை. அப்புறம் ஒரு பெரிய பாளம் மெதுவாகத் திரும்பியது. அதன் இடத்துக்கு இன்னொன்று வந்தது. மொத்தமும் அசைந்து அருவியை நோக்கிப் போக ஆரம்பித்தது. உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் பாளம் விளிம்பில் போய் நின்று, பாதி வெளியே நீட்டி, முறிந்து, விழுந்தது. நான் கைதட்டிவிட்டேன். நாய்க்காரப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் கையுறையோடு தட்டினார். நாற்பது வருஷமாக இதே தெருவில் இருக்கிறாராம். இந்தச் சத்தம் கேட்டால்தான் குளிர்காலம் முடியப்போகிறது என்று மனசு நம்பும் என்றார்.

நின்றுபோன பாளங்களைத் தள்ளிவிட அப்புறம் எக்ஸ்கவேட்டர் வந்தது. சாதாரணமானது இல்லை, தண்ணீரிலும் மிதக்கக்கூடியது. நீண்ட கையை நீட்டி ஒவ்வொரு பாளமாக இழுத்து ஓட்டத்தில் விட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பகுதியைப் பார்க்கக் கூட்டம் நிற்கவில்லை. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. வெடி சில நொடி. இழுத்துவிடும் வேலை நாள் முழுக்க, குளிரில், ஒருவர் பொறுமையாகச் செய்துகொண்டிருந்தார். ஊர் நனையாமல் இருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஞாயிறு

வெளியே போகவில்லை. காற்று கடுமை.

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு மீன்கள் என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீருக்குள் வெடிக்கும்போது அழுத்த அலையால் மீனின் காற்றுப்பை கிழிய வாய்ப்பு உண்டு. நீர்நிலைகளில் வெடி பயன்படுத்துவதற்குக் கனடாவின் மீன்வளத் துறை 1998இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, மீன் வாழும் இடத்தில் அந்த அழுத்தம் 100 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது என்கிறது. பெரிய வெடி ஒன்றைவிடச் சிறிய வெடிகள் பல, ஒவ்வொன்றுக்கும் நடுவே துளி இடைவெளி விட்டு வெடிப்பது மேல் என்பது இந்தத் தொழிலில் பொதுவான அறிவு. என்னைக் கேட்டால், வாளும் எக்ஸ்கவேட்டரும் செய்ய முடிகிற இடத்தில் வெடி வேண்டாம். அதற்குப் பணமும் நேரமும் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும்.

அண்ணன் இங்கே வருவதற்கு முன் வின்னிபெக்கில் இருந்தவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கத்துக் கதை சொன்னார். செந்நதி, அதாவது ரெட் ரிவர், அமெரிக்காவில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடி வின்னிபெக் ஏரியில் சேருகிறது. வடக்கு நோக்கி என்பதுதான் சிக்கல். தெற்கே தலைப்பகுதியில் வெயில் முதலில் வந்து பனி உருகிவிடும். வடக்கே வாய்ப்பகுதி அப்போதும் உறைந்து கிடக்கும். வருகிற தண்ணீருக்கு வாசல் திறந்திருக்காது. 2009இல் செல்கிர்க் ஊருக்கு வடக்கே ஐஸ் தேங்கிக் கரையோர வீடுகளை ஐஸ் பாளங்களே இடித்தன.

“வீட்டுக்குள்ள ஐஸ் புகுந்து நின்னுச்சு. தண்ணி வடிஞ்ச பிறகும் அது உருக எத்தனையோ நாளாச்சு” என்றார் அண்ணன்.

அங்கே வெடி இல்லை, ஆம்பிபெக்ஸ் என்ற இயந்திரம். கியூபெக்கில் செய்தது, இருபது டன்னுக்கு மேல் எடை. முன்கையை ஊன்றித் தன் உடம்பையே ஐஸ் மேல் ஏற்றிக்கொள்ளும். பாரம் தாங்காமல் ஐஸ் முறியும். இயந்திரம் தண்ணீருக்குள் இறங்கி மிதக்கும். மறுபடி ஏறும். இப்படியே நாள் முழுக்க. அதற்கு முன்னால் அறுக்கும் இயந்திரங்கள் போய்க் கோடு போட்டு வைத்திருக்கும். வெடியோ எடையோ, முறை எப்படி மாறினாலும் வாய்ப்பகுதியிலிருந்து மேலே ஏறுவது மட்டும் மாறவில்லை.

ரிடோவும் வடக்கு நோக்கித்தான் ஓடுகிறது. தூரம் குறைவு, சுமார் 146 கிலோமீட்டர், அதனால் செந்நதியில் இருக்கும் அளவுக்குத் தட்பவெப்ப வித்தியாசம் இல்லை. இருந்தாலும் மேலே 4,000 சதுர கிலோமீட்டர் அளவுள்ள நிலத்தின் பனியெல்லாம் இந்த ஒரே வாய் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும்.

திங்கள்

காற்று நின்றுவிட்டது. வெயில் இருந்தது. அருவியிலிருந்து ஆற்றை எதிர்த்து, பாலம் பாலமாக நடந்தேன். வேலை இனி போகப்போகும் வழி.

முதலில் மின்டோ பாலங்கள். தீவுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் வெள்ளை இரும்புப் பாலங்கள். 1898 முதல் 1904 வரை இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்த மின்டோ பிரபுவின் பெயர். அடுத்த வருஷமே அவர் வைஸ்ராயாக இந்தியா போனார். மின்டோ மார்லி சீர்திருத்தம் என்று பள்ளியில் 1909ஐ மனப்பாடம் செய்தோமே, அதே மின்டோ. பாலத்துக்குக் கீழே ஏற்கெனவே ஐஸ் போய்விட்டது. தூண்களின் மேற்புறத்தில் மட்டும் சில பாளங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தூண் எப்படி ஐஸைப் பிடித்து வைக்கும் என்பதை அங்கேயே நின்று பார்க்கலாம். ஒரு பாளம் வந்து தூணில் குறுக்காகச் சாய்ந்தால், அடுத்தது அதில் சாய்கிறது. மூன்றாவதற்கு வழி பாதி அடைந்துவிடுகிறது.

அடுத்து செயின்ட் பேட்ரிக் தெருப் பாலம். அதற்கும் மேலே கம்மிங்ஸ் பாலம், கான்கிரீட் வளைவுகளோடு, பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. இங்கே ஆறு இன்னும் உறைந்தே கிடந்தது. அறுத்த கோடுகள் மட்டும் வந்து சேர்ந்திருந்தன. மேற்கே சாண்டி ஹில், கிழக்கே வேனியர். கரைக்கும் வீடுகளுக்கும் நடுவே அதிக இடம் இல்லை. ஜன்னலில் திரைச்சீலை எந்த நிறம் என்று தெரியும் அளவுக்கு வீடுகள் பக்கத்தில். இந்த வேலை யாருக்காக என்பதை இந்த இடம்தான் காட்டியது. தூதரகங்களும் மாளிகையும் மேட்டில் இருக்கின்றன. பள்ளத்தில் இருப்பவை வாடகைக் குடியிருப்புகள், நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் சின்ன வீடுகள். ஐஸ் உடைக்காத ஒரு வருஷத்தின் முதல் செலவு அவர்கள் தலையில் விழும்.

ஸ்ட்ராத்கோனா பூங்காவுக்கு எதிரே 2015 டிசம்பரில் திறந்த அடாவே நடைபாலம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். அதன் நடுவில் நின்று சாப்பிட்டேன், அண்ணி கட்டிக் கொடுத்த புளிசாதம். கோடையில் இந்தப் பகுதியில் அன்னங்கள் மிதக்கும் காலம் ஒன்று இருந்தது. 1967இல் கனடாவின் நூற்றாண்டுக்கு எலிசபெத் ராணி பரிசாக அனுப்பியவை, அவற்றின் வாரிசுகள். குளிர்காலத்தில் அவற்றைப் பிடித்துக் கொட்டகையில் வைத்துக் காப்பாற்றுவார்கள். இப்போது ஆற்றில் அவை இல்லை.

நடந்துகொண்டே யோசித்த ஒன்று. 2017இலும் 2019இலும் ஒட்டாவாவில் வெள்ளம் வந்ததே, அப்போது இந்த வேலை என்ன பயன் தந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 25இல் நகரம் அவசரநிலையே அறிவித்தது. ஆனால் அது பெரிய ஒட்டாவா நதியின் வெள்ளம். உருகிய பனியும் மழையும் சேர்ந்து வந்த வெறும் தண்ணீர். ஐஸ் உடைப்பது அதைத் தடுக்காது, தடுப்பதாக யாரும் சொல்லவும் இல்லை. ரிடோவில் ஐஸ் அடைத்து வரும் வெள்ளத்தைத்தான் இது தடுக்கிறது. வராத வெள்ளத்துக்கு யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. பட்ஜெட் குறைக்கும்போது இந்த மாதிரி வேலைதான் முதலில் கண்ணில் படும் என்பது என் பயம்.

இன்னொரு வாதமும் கேட்டிருக்கிறேன்: வெயில் வந்தால் தானாக உருகாதா? சில வருஷம் உருகும். மார்ச் மாதம் நிதானமாக, பகலில் வெயில், இரவில் குளிர் என்று போனால், ஐஸ் இருக்கும் இடத்திலேயே நைந்துபோகும். செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து, கையால் தட்டினாலே உதிரும். அப்படிப்பட்ட ஐஸ் எதையும் அடைக்காது. ஆனால் ஒரு வாரம் திடீரென்று சூடு ஏறி, மேலே மழையும் கொட்டினால், ஐஸ் நையும் முன்பே தண்ணீர் வந்துவிடும். கெட்டியாக இருக்கும் ஐஸைப் பெருந்தண்ணீர் தூக்கும். இந்த வருஷ மார்ச் இரண்டில் எது என்று பிப்ரவரியில் யாருக்கும் தெரியாது. மார்ச்சில் தெரிந்த பிறகு ஆற்றில் ஆள் இறக்க முடியாது.

குளிர்காலமும் முன்பு இருந்தபடி இல்லை. 2022-23இல் கால்வாயின் ஸ்கேட்டிங் தளம் திறக்கவே இல்லை, அது தொடங்கிய பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஐஸ் மெலிந்தால் ஆற்றில் கவலை குறையும்தானே என்று நினைக்கத் தோன்றும். மெலிந்த ஐஸ் மேல் நின்று துளை போடுகிறவர்களுக்குக் கவலை கூடுகிறது. ஜனவரியிலேயே மழை பெய்து உருகி, மறுபடி உறைந்து, பாளங்கள் கோணல்மாணலாக ஒட்டிக்கொண்டால் அறுப்பதும் கடினம்.

செவ்வாய்

மதியம் ரயில். காலையில் அண்ணன் காரில் ஹாக்ஸ் பேக்குக்குக் கூட்டிப்போனார். ஆறும் கால்வாயும் பிரியும் இடம், ஐஸ் உடைக்கும் பகுதியின் மேல் எல்லை.

இங்கே பெரிய அணை, பக்கத்தில் பாறைச் சரிவில் இறங்கும் அருவி. ஜான் பையின் ஆட்கள் கட்டிக்கொண்டிருந்தபோதே அணை உடைந்தது, ஒரு தடவை அல்ல. 1829 வசந்தத்தில் ஆறு பெருகி, கட்டியதை அள்ளிக்கொண்டு போனது. பை விடாமல் வடிவத்தை மாற்றி மறுபடி கட்டினார். அந்தக் கால்வாய் வேலையில் மலேரியாவும் மற்ற நோய்களும் கொன்ற தொழிலாளர்கள் சுமார் ஆயிரம் பேர் என்கிறார்கள். கனடாவில் மலேரியா என்று முதலில் படித்தபோது நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்று அணையைப் பார்த்துக்கொள்வது மத்திய அரசின் பார்க்ஸ் கனடா என்ற அமைப்பு. மேலிருந்து எவ்வளவு தண்ணீரை விடுவது என்பது அவர்கள் கையில். கீழே நகராட்சியின் ஆட்கள் வழியைத் திறந்து வைக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால்தான் வசந்தம் ஒழுங்காக நடக்கும். அணைக்குக் கீழே ஆறு வெள்ளையாகவே கிடந்தது. வேலை இங்கே வந்து சேர இன்னும் சில வாரம் ஆகும்.

பார்க்க வருகிறவர்களுக்குச் சில விஷயம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வாருங்கள். எந்த நாள் எந்தப் பகுதி என்பதை நகராட்சி முன்கூட்டி அறிவிக்கும், ஆனால் வானிலையைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் குறைந்தது இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் என்றால் ரிடோ அருவிப் பூங்கா, அப்புறம் மின்டோ பாலங்களின் பக்கம், அதற்கும் அப்புறம் கம்மிங்ஸ் பாலம். வேலிக்கு வெளியே நில்லுங்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் இந்த வாரங்களில் அதன் மேல் கால் வைக்காதீர்கள். அறுத்த கோட்டின் மேல் ஒரு இரவில் மெல்லிய ஐஸ் படிந்து, அதன் மேல் பனி விழுந்துவிட்டால், கோடு இருந்த இடமே கண்ணுக்குத் தெரியாது.